காலின் மேல் வழக்கு

துவாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
ஏ.ஒய்.இ.யில் வரும்போதுதான் முதலில் அந்த வாடை.
ரப்பர் இல்லை, வயர் இல்லை,
அடுப்பில் மறந்துபோன இரும்புக் கரண்டி மாதிரி ஒன்று.
முன்னால் போகும் லாரிதான் என்று லாரியைத் தாண்டினேன்.
லாரி பின்தங்கியது. வாடை கூடவே வந்தது.

புளோக்கின் கீழே நிறுத்திக் குனிந்தேன்.
பின் டிஸ்க் நீலம் பூத்திருந்தது.
தொடவில்லை. ஐந்தாம் மாடியில் காயும் துணியிலிருந்து
ஒரு சொட்டு அதன்மேல் விழுந்து
'சொய்' என்று இல்லாமல் போனதே போதும்.

"பெடல்மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க"
என்றாள் செண்பகவல்லி.
பின்னால் உட்காருகிறவளுக்கு என் முழங்கால் தெரியும்.
மறுக்க முடியவில்லை.
பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால் அது,
எங்கே சாய்கிறது என்று என்னிடம் சொல்வதில்லை.

மூன்று வாரம்
வலது பாதத்தைக் கட்டையின் விளிம்பில்,
விரல் வெளியே திரும்ப, வாத்துபோல் வைத்து ஓட்டினேன்.
சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும்
குனிந்து அதைப் பார்த்துக்கொண்டேன்.
வாடை போகவில்லை.
பேட் மாற்றினேன். காலிப்பர் ஊசிகளைக் கழற்றித்
துடைத்துக் கிரீஸ் போட்டேன்.
ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்ததும் ஒழுங்காக அணைந்தது.
சக்கரம் சுற்றுகிறதா என்பது மட்டும்தான் அதன் வேலை.
சுற்றியது.
முனகிக்கொண்டு சுற்றியதா என்று அது கேட்பதில்லை.

சிஓஇ இன்னும் பதினான்கு மாதம்.
"ஸ்கிராப் பண்ணிடு" என்றார்கள் வேலையிடத்தில்.

காக்கி புக்கிட், இரண்டாம் மாடிப் பட்டறை.
ஜுனைதி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினான்.
பின்சக்கரத்தைக் கையால் தள்ளினான். ஓடியது.
பெடலை மிதித்து விட்டான். ஓடியது.
பிறகு எழுந்து முன்பக்கம் போய் உட்கார்ந்தான்.
"பின் பிரேக்" என்றேன்.
காதில் வாங்கவில்லை.

முன்சக்கரத்தின் இடது காலிப்பரை
இரு கையாலும் பிடித்து மேல்நோக்கித் தள்ளினான்,
ஓட்டத்தில் டிஸ்க் அதை இழுப்பதுபோல.
இப்போது சுற்று, என்று தலையால் காட்டினான்.
பின்சக்கரம் பூட்டிக் கிடந்தது.
முன்னால் பிடித்தால் பின்னாலும் பிடிக்கும்,
இந்த வண்டியின் பிறவி அப்படி.
கையை எடுத்தான்.
இப்போது சுற்று.
அசையவில்லை.
விட்ட பிறகும் விடவில்லை.

எட்டாம் நம்பர் ஸ்பேனரை என்னிடம் கொடுத்தான்.
பின் காலிப்பரின் பிளீடரைக் கால் சுற்றுத் திருகினேன்.
கோப்பி ஓ நிறத்தில் எண்ணெய் பீறிட்டது.
சக்கரம் தானாகவே கால் சுற்று நகர்ந்தது.

முன் ஃபோர்க்கில் ஒட்டிய குட்டி சிலிண்டருக்குள்
எண்ணெய் வீடு திரும்பும் துளை ஒன்று,
ஊசி முனைக்கும் சிறியது.
ஆறு வருடச் சேறு அதை அடைத்திருந்தது.
கையால், முன்னால், நான் பிரேக் பிடித்தபோதெல்லாம்
கொஞ்சம் பின்னாலேயே தங்கிவிட்டது.
கொஞ்சத்தின்மேல் கொஞ்சம்.
துவாஸிலிருந்து தெலுக் பிளாங்கா வரை
எத்தனை தடவை பிடித்திருப்பேன்.

"காக்கி தா சலா, பாங்" என்றான் ஜுனைதி,
பெயரிலேயே கால் இருக்கும் ஊரில் நின்று.
கால்மேல் தப்பில்லை.
ஆறு வருடம் எண்ணெய் மாற்றாத ஆள் யார் என்று
அவன் கேட்கவில்லை.

புது சிலிண்டர். புது எண்ணெய், தேன் நிறம்.
அவன் சொன்ன வரிசையில் ஒவ்வொரு திருகாகக்
காற்றெடுக்கவே இரண்டு மணி நேரம்.
மறுபடி தள்ளினான், விட்டான்.
நான் சுற்றிவிட்டேன்.
அவன் கைதுடைத்து, பில் எழுதி முடிக்கும்வரை
சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

செண்பகவல்லிக்குப் போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வாடை வந்துச்சுல்ல, அது நிஜந்தானே?" என்றாள்.

யூனோஸ் சிக்னலில் மழை பிடித்துக்கொண்டது.
பழக்கத்தில் குனிந்து பார்க்கிறேன்.
வலது பாதம்
கட்டையின் விளிம்பில், விரல் வெளியே திரும்பி,
இன்னும் தூக்கியபடியே இருக்கிறது.